அரவை மில்லுக்கு ஒரு ஓட்டு

இன்னும் யாரும் டப்பாவைத் திறக்கச் சொல்லல. மணி பதினொண்ணு இருபது. சொல்லமாட்டாங்க, எதுக்குச் சொல்லப் போறாங்க, டப்பா மேலதான் பேர் ஒட்டியிருக்கே, என் கையெழுத்துலயே ஒட்டியிருக்கே, துரைக்கண்ணு ஆபீஸ் ஒண்ணு, துரைக்கண்ணு ஆபீஸ் ரெண்டுன்னு பதிமூணு வரைக்கும். காலைல டேப் லைப்ரரி ரூம்லேருந்து தள்ளுவண்டில வெச்சுக் கொண்டாந்து இந்த மேஜை நடுவுல அடுக்கினதும் நான்தான். அதுக்குப் பக்கத்துல அரவை மில், அதுவும் பதிமூணு. நீ பேசாம உக்காரு புனிதவதி. இருபத்தேழு வருஷமா வாயைத் திறக்காதவளுக்கு இந்த ஒரு மீட்டிங் முடியற வரைக்கும் மூடிட்டு இருக்க முடியாதா என்ன. அடுத்த மாசம் கடைசில ரிடையர்மெண்ட், ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ, அரக்கோணம் வண்டியைப் பிடிச்சு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அதுக்குள்ள இந்த ஜெயக்கொடி சாருக்கு சேனலோட முப்பது வருஷ விழா கேக்குது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர்னா ஏதாவது விழா நடத்திட்டே இருக்கணும். "நம்ம செங்காந்தள் டிவி அந்தக் காலத்துல போட்ட காமெடித் தொடர்லயே பெஸ்ட் எதுவோ அதை எடுத்து, சுத்தம் பண்ணி, நெட்ல போடறோம். ஒண்ணே ஒண்ணு. ஏன்னா பழைய டேப்பை ஓட்டற டெக் ஒண்ணுதான் உயிரோட இருக்கு, அதுக்கும் ஹெட் தேஞ்சு போச்சு. அஞ்சாறு மணி நேரம் தாங்கும்ங்கறார் மெக்கானிக். ரெண்டு மணிக்கு வந்துடுவார். இந்த ரெண்டு தொடர்ல எது முடிவாகுதோ அது அப்பவே டெக்குக்குள்ள போயிடும்." ரெண்டு மணிக்கு. அப்பவே. அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்றார்.

துரைக்கண்ணு உள்ள போனா என்ன வரும்னு எனக்குத் தெரியும். முதல்ல நீலத் திரை, அப்புறம் ஒரு வீணை, அப்புறம் மஞ்சள் ஜிப்பா போட்ட ஒருத்தர் "மேஷ ராசி நேயர்களே"ம்பார். பதிமூணு டப்பாலயும் அவர்தான். துரைக்கண்ணு ஒரு நிமிஷம் கூட இல்ல. இந்த ரூம்ல அது தெரிஞ்சவ நான் ஒருத்திதான், எனக்கு நேர் எதிர்ல உக்காந்துட்டு டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாரே கோதண்டபாணி சார், அவருக்குத் தெரியாது. அவர்தான் துரைக்கண்ணு. எழுதினதும் அவரே, நடிச்சதும் அவரே. எழுபத்தெட்டு வயசு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, சென்ட் போட்டுக்கிட்டு, தன்னோட தொடருக்குத் தானே ஓட்டுக் கேக்க வந்திருக்கார். கூப்பிட்டவங்களைச் சொல்லணும். கண்ணைப் பாக்காதே. பேனாவைப் பாரு. ஐயோ, பேனா வேண்டாம், அவரோட வசனமே அதுதானே, "கையெழுத்து ரெடி, பேனா யார்ட்ட?" அந்த வருஷம் பஸ்ல கண்டக்டர் சொன்னான், பேங்க்ல கேஷியர் சொன்னான், எங்க வீட்டுல சின்னவன் ஹோம் ஒர்க் நோட்டைத் தூக்கிட்டு வந்து சொன்னான். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. அப்படி ஒரு தொடர். அதைத்தான் நான் டேப்பை அழிக்கிற காந்தப் பெட்டிக்குள்ள வெச்சு ஸ்விட்சைப் போட்டேன். ஒரு டேப்புக்கு எட்டு செகண்டு. பதிமூணு எட்டு எவ்வளவு, நூத்திநாலு, ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

"சார், தப்பா நினைக்காதீங்க," இது நிவேதன், டிஜிட்டல் பையன், முப்பது கூட இருக்காது, உக்காந்த நாற்காலியைச் சுத்திட்டே பேசுவான். "துரைக்கண்ணு பெரிய ஹிட்டுதான். ஆனா பெரிய ஹிட்டுன்னாலே பெஸ்ட்டுன்னு அர்த்தமா? நெட்ல கிடக்கற நாப்பது செகண்டு கிளிப்பை நான் பாத்தேன். யாரோ டிவிக்கு முன்னாடி கேமராவை வெச்சு எடுத்திருக்காங்க. நீங்க ஒரு வரி சொல்றீங்க, பின்னாடி கொல்லுனு சிரிக்கிறாங்க. அடுத்த வரி, திரும்பவும் சிரிப்பு. சிரிக்கச் சொல்லி அதட்டற மாதிரி இருக்கு சார்." ஜெயக்கொடி சார் பதறிப் போய், "டேய், அப்ப எல்லாத்துலயும் அந்தச் சத்தம் இருக்கும்டா, அதுதான் ஸ்டைலு"ன்னார். கோதண்டபாணி சாருக்குக் கோவம் வரல, அதுதான் எனக்குத் தாங்கல. "தம்பி, அந்தச் சிரிப்பு சும்மா ஒட்டினது இல்ல. அறுபது பேரை வரவழைச்சு, வடை குடுத்து, முன்னாடி நடிச்சுக் காட்டி எடுத்தோம். சிரிக்காத இடத்தை வெட்டிட்டு வேற எழுதுவேன். நீங்க நாப்பது செகண்டை வெச்சுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முழுசாப் பாருங்க. இங்கதானே இருக்கு"ன்னு டப்பா மேல கையை வெச்சார். இங்கதானே இருக்கு. டப்பாவைத் தடவிக் குடுக்கிறார். எடுங்க சார் கையை. அது மேஷ ராசி சார்.

நான் என்ன பண்ணுவேன், நான் வேணும்னு... வேணும்னுதான் பண்ணேன், அதுல என்ன சந்தேகம், உன்கிட்டயே எதுக்குப் பொய். தொண்ணூத்தெட்டு ஏப்ரல். அப்ப இருந்த மேனேஜர் போன்ல கத்தினார், ராசி பலனுக்கு உடனே பதிமூணு டேப் வேணும், புது டேப் வரல, எதையாவது அழிச்சுக் குடு, அந்த அரவை மில் கிடக்கே ஒருத்தனும் பாக்காதது, அதை அழின்னார். எழுத்துல ஒண்ணும் தரல, ரெஜிஸ்டர்ல ஏத்தச் சொல்லல. அப்பல்லாம் அப்படித்தான், அழிக்கிறது, திரும்ப எடுக்கிறது, டேப் கிடைக்கறதுதான் பெருசு, உள்ள இருக்கறதைப் பத்தி யாருக்குக் கவலை. அரவை மில் பதிமூணையும் எடுத்து வண்டில வெச்சேன். காந்தப் பெட்டி வரைக்கும் தள்ளிட்டுப் போனேன். முடியல. மனசு வரல. ஒரு டைப்பிஸ்டம்மா எழுதினது அது, அதுக்கு முன்னாடியும் ஒண்ணும் எழுதல, பின்னாடியும் எழுதல, மத்தியானம் ரெண்டரைக்குப் போட்டாங்க, தூங்கற நேரத்துல எவன் பாப்பான். இதை அழிச்சா இது உலகத்துலயே கிடையாது. ஆனா துரைக்கண்ணு அப்படியா? சிங்கப்பூருக்கு வித்தாங்க, சோப்புக் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு செட்டு இருக்கும், எவ்வளவு பெரிய தொடர், எங்கயாவது இருக்காமயா போயிடும்? இருக்கும்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். வண்டியைத் திருப்பிட்டுப் போய் அரவை மில்லை வெச்சுட்டுத் துரைக்கண்ணுவை எடுத்துட்டு வந்தேன். ராசி பலன் முடிஞ்சு டேப்பெல்லாம் திரும்பி வந்ததும் அதே டப்பால போட்டு மூடினேன். ரெண்டு மாசம் கழிச்சு மனசு கேக்காம சிங்கப்பூருக்கு ஒரு லெட்டர் போட்டேன். போன வருஷமே எல்லா டேப்பையும் உங்களுக்குத் திருப்பி அனுப்பிட்டோமேன்னு பதில் வந்துச்சு. திருப்பி வந்ததைத்தான் நான் அழிச்சிருக்கேன். சோப்புக் கம்பெனிக்காரன், உங்ககிட்ட இல்லாமயா எங்ககிட்ட இருக்கும்னு சிரிச்சான். எல்லாரும் அடுத்தவன்கிட்ட இருக்கும்னு நினைச்சிருக்காங்க. பெருசா இருந்ததாலேயே போச்சு அது. யாரும் சீண்டாததாலே இது பொழைச்சுது. இன்னிக்கு நாலு பேர் உக்காந்து பெருசு எது, கண்டுக்காம விட்டது எதுன்னு பேசறாங்க, நான் அதுக்கு அன்னிக்கே தீர்ப்புக் குடுத்துட்டேன், யாரைக் கேட்டுக் குடுத்தேன்?

நிவேதன் ஒரு டப்பாவை எடுத்துட்டான். துரைக்கண்ணு நாலு. எடுத்து விரல்ல தட்டறான், சும்மா இருக்க முடியாது இவனுக்கு, கையில எது கிடைச்சாலும் தட்டணும். கொக்கி மேல கட்டைவிரல். உள்ள டேப் மேல 'ராசி பலன் 4'ன்னு வேற சீட்டு இருக்கு, அதை நான் கிழிக்கல, கிழிச்சிருக்கலாம், எத்தனை நாள் கிடைச்சுது, ஒவ்வொரு தடவையும் நாளைக்கு நாளைக்குன்னு. திறக்காதேடா. திறந்துடு, தொலையட்டும். வேண்டாம்பா, திறக்காதே. "நிவேதன், அதை வெச்சுடுப்பா, தூசி, உனக்குத்தான் அலர்ஜியாச்சே"ன்னு என் வாய் சொல்லுது, எவ்வளவு சாதாரணமா வருது பாரு, பொய்யி பழகிப் போச்சு. "ஆமா மேடம்"னு வெச்சுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டான். கோதண்டபாணி சார் என்னைப் பாத்து சிரிச்சார். "புனிதவதி இருக்கற வரைக்கும் என் டேப்புக்கு ஒண்ணும் ஆகாது. புள்ளை மாதிரி பாத்துக்கறா." ரெண்டாயிரத்து நாலுல ஒரு காப்பி வேணும்னு இவர் வந்தப்ப டெக் ரிப்பேர் சார்னேன். ஏழுல வந்தப்பவும் டெக் ரிப்பேர். மூணாவது தடவை அவரே, "டெக் ரிப்பேராம்மா?"ன்னு கேட்டுட்டு, நான் தலையாட்டினதும், பரவால்லன்னு போயிட்டார். அப்பவே சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே போனேன், சொல்ல வரல, குடையை மறந்துட்டீங்களான்னு கேட்டேன், குடை அவர் கையிலதான் இருந்துச்சு.

அழிச்சது அரவை மில் மேல இருந்த ஆசையிலயா, இல்ல துரைக்கண்ணு மேல இருந்த ஆத்திரத்துலயா? இதான் எனக்குத் தெரியல, இங்கதான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கிறேன். குப்பம்மா. துரைக்கண்ணு தொடர்ல ஆபீஸைக் கூட்டறவ. வாரா வாரம் யாராவது வாளித் தண்ணியை அவ மேல கொட்டுவான், அவ நனைஞ்சுபோய் நின்னு முழிப்பா, அறுபது பேர் வடையைத் தின்னுட்டு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நானும் கறுப்பு, நானும் வண்டி தள்றவ, எடிட்டிங் ரூம் பசங்க என்னைப் பாத்தாலே "குப்பம்மா, டேப்பு"ன்னுவாங்க. ரெண்டு வருஷம். நானும் சிரிச்சுக்கிட்டே குடுப்பேன், சிரிக்காம இருந்தா இன்னும் ஜாஸ்தியாகும். அப்ப இது பழியா? ஆனா வீட்டுல உக்காந்து குப்பம்மாவைப் பாத்து நானும்தானே சிரிச்சேன்! கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேனே! நல்லா எழுதியிருந்தார் மனுஷன், முழிக்கிற இடத்துல சரியா முழிக்க வெச்சிருந்தார். சே. பழின்னா சுலபமா இருந்திருக்கும்.

"சரி, ஓட்டுக்கு விட்டுடலாமா?" ஜெயக்கொடி சார் கடியாரத்தைப் பாத்தார். "நான் துரைக்கண்ணு. சாரைக் கேக்கவே வேண்டாம். நிவேதன் அந்தப் பக்கம். மேடம், நீங்கதான். ஆனா ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு வந்தா தலைவர்ங்கற முறையில என் ஓட்டு ரெண்டாக் கணக்கு." அடப்பாவி. அப்ப என்ன பண்ணினாலும் ரெண்டு மணிக்கு வீணை. மூணு பேரும் என்னைப் பாக்கறாங்க. பேசினாத்தான் உண்டு. "நான் கொஞ்சம் சொல்லணும் சார்"னேன். குரல் கீச்சுன்னு வந்துச்சு. "அரவை மில்லுன்னா ஒண்ணுமில்ல சார், ஒரு மாவு மில்லு, வரிசையா டின்னு, அவ்வளவுதான் செட்டு. ஒரு பொம்பளை மிளகாய் அரைக்க வர்றா. மிளகாய் அரைச்ச மெஷின்ல அடுத்து யாரும் அரிசியைப் போட விடமாட்டாங்கல்ல, அதனால மில்லுக்காரர், உனக்குக் கடைசிலதாம்மான்னு சொல்லிடறார். உக்காந்திருக்கா. கோதுமை வருது, கேப்பை வருது, கடைசின்னு எழுந்திருக்கிறப்ப யாரோ ஒருத்தி பச்சரிசியோட ஓடி வர்றா. மறுநாளும் வர்றா. பதிமூணு வாரம் சார். அந்த வரிசைலயே ஒரு கல்யாணம் பேசி முடிக்கிறாங்க, அந்தக் கல்யாணத்துக்கு முறுக்கு மாவும் அங்கயே அரைக்கிறாங்க, இவ மிளகாய் மட்டும் அரைபடல. பின்னாடி யாரும் சிரிக்கமாட்டாங்க. மெஷின் சத்தம்தான். எங்க சிரிக்கணும்னு நாமளே கண்டுபிடிக்கணும்."

நிவேதன் நாற்காலியைச் சுத்தறதை நிறுத்திட்டான். எனக்கு வேகம் வந்துடுச்சு, என்ன வேகம்னு தெரியல, பயமும் அதோடயே ஓடுது. "ஒரு நாள் அவ புருஷன் வந்து, இன்னுமா அரைக்கலன்னு சண்டை போட வர்றான் சார். மெஷின் ஓடுது. அவன் கையைக் காலை ஆட்டிக் கத்தறான், நமக்கு ஒண்ணும் கேக்காது, மில்லுக்காரரும் தலையாட்டிட்டே இருக்கார். மெஷின் நிக்குது. அவனும் சரியா அப்ப கத்தி முடிச்சுட்டான். ஊரே அமைதி. 'சரி, நீங்க சொல்றது நியாயம்தான்'ங்கறார் மில்லுக்காரர். அவனும் ஜெயிச்சுட்டோம்னு நெஞ்சை நிமித்திட்டுப் போயிடறான். மிளகாய் அங்கயேதான் இருக்கு." யாரோ க்ளுக்குனு சிரிச்சாங்க. ஜெயக்கொடி சார். "கடைசி வாரம், எல்லாரும் போயிட்டாங்க. மெஷின் காலி. மில்லுக்காரர், வாம்மா இப்பன்னு கூப்பிடறார். அவளுக்கு நம்ப முடியல. திரும்பிப் பாக்கறா, தெருவுல யாரும் வரல. டின்னைத் தூக்கிக் கொட்டப் போறா, கரண்டு போயிடுது. இருட்டுல ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மூடியைத் திருப்பிப் போடற சத்தம். 'நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?' அவ்வளவுதான் சார், முடிஞ்சுது." ஒரு சத்தம் கேட்டுச்சு, பயந்துட்டேன், யாருக்கோ புரையேறிடுச்சுன்னு நினைச்சேன். கோதண்டபாணி சார். டீயைக் கீழ வெச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். நிறுத்தறார், 'எத்தனை மணிக்கு'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறார், மறுபடி சிரிக்கிறார்.

"ஜெயக்கொடி," கர்ச்சீப்பால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "என் ஓட்டை மாத்திக்கறேன். நான் இதைப் பாத்ததே இல்லப்பா. அந்த நேரத்துல ஷூட்டிங்ல இருந்திருப்பேன், இல்லேன்னா தூங்கியிருப்பேன். இதைப் போடுங்க." ஜெயக்கொடி சார் எழுதிக்கிறார். மூணுக்கு ஒண்ணு. முடிஞ்சுது. முடிஞ்சே போச்சு! ரெண்டு மணிக்கு மிளகாய்க்காரி உள்ள போவா, அதோட டெக் செத்துப் போகும், அப்புறம் அந்தப் பதிமூணு டப்பாவை எவனும் என்னிக்கும் திறக்கப் போறதில்ல. திறந்தாலும் ஓட்ட முடியாது. நான் தப்பிச்சுட்டேன். மூச்சு விடு. விட்டேன். அப்பதான் அவர் துரைக்கண்ணு டப்பாவை என் பக்கமா மெதுவா நகத்தினார். "என் பேரன் என்னை நடிகன்னே நம்பறதில்லம்மா. அந்த நாப்பது செகண்டைக் காட்டினா, அது வேற யாரோ தாத்தாங்கறான். பரவால்ல. என்னிக்காவது வேற மெஷின் கிடைச்சா பாத்துக்கட்டும், நான் இல்லேன்னாலும் சரி. நீ போறதுக்கு முன்னாடி அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிட்டுப் போ, என்ன? இதுல பத்திரமா இருக்குன்னு." ஆகட்டும் சார்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. சொல்லு. இவர் செத்தா அந்தப் பேரன் ஒரு நாள் வருவான், எங்கயாவது ஒரு டெக்கைத் தேடிப் பிடிச்சு, தாத்தாவைப் பாக்கணும்னு உக்காருவான், வீணை வரும். நான் இருக்கமாட்டேன். எனக்கென்ன. சொல்லித் தொலையேன்.

"இல்ல சார்"னேன். "இதுல இல்ல. எதுலயும் இல்ல. தொண்ணூத்தெட்டுலயே அழிச்சுட்டேன்." ஜெயக்கொடி சார்தான் முதல்ல வாயைத் திறந்தார், "என்ன மேடம் உளர்றீங்க"ன்னு டப்பாவை இழுத்துக் கொக்கியை எடுத்தார், சீட்டைப் படிச்சார், அடுத்ததைத் திறந்தார், அடுத்தது. கோதண்டபாணி சார் எதையும் பாக்கல. என்னைத்தான் பாத்தார். "தவறிப் போய் நடந்திருக்கும். ஒண்ணை எடுக்கறதுக்குப் பதிலா ஒண்ணை எடுத்துட்டே. இல்லையாம்மா? யாரோ மேலதிகாரி சொல்லியிருப்பாங்க, நீ என்ன பண்ணுவே." எவ்வளவு பெரிய மனசு, எனக்குக் கதவைத் திறந்து விடறார், உள்ள நுழைஞ்சா போதும், ஆமா சார், தவறிப் போச்சு சார், ஒரு பாட்டம் அழுதா முடிஞ்சுது. இல்லாட்டி குப்பம்மாவைச் சொல்லலாம், என்னை அப்படிக் கூப்பிட்டாங்க சார், அதான் சார்னா அவரே தலையைக் குனிஞ்சுக்குவார், நான் நிமிந்துக்கலாம். ரெண்டும் வாய் வரைக்கும் வந்துச்சு. "தெரிஞ்சுதான் சார் பண்ணேன். என்னை அழிக்கச் சொன்னது அரவை மில்லை. நான்தான் மாத்தினேன்." "ஏன்?" அதட்டல, நிஜமாவே தெரிஞ்சுக்கறதுக்காகத்தான் கேட்டார், ஒரு வசனம் ஏன் எடுபடலன்னு கேக்கற மாதிரி. அப்ப எனக்கே விளங்குச்சு, அன்னிக்கு வண்டியைத் திருப்பினப்ப என் மனசுல குப்பம்மா இல்ல, சிங்கப்பூர் கூட அப்புறம்தான் வந்துச்சு. "அதுதான் சார் நல்லா இருந்துச்சு. உங்களுதை விட."

எழுபத்தெட்டு வருஷத்துல அவர்கிட்ட யாரும் இதைச் சொன்னதில்ல, முகத்துலயே தெரிஞ்சுது. மேஜையைப் பாத்தார், திறந்து கிடந்த டப்பா, திறக்காத டப்பா. அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, நிவேதனை, ஜெயக்கொடி சாரை, கடைசியா என்னைப் பாத்தார். "அப்ப நான் சரியாத்தான் ஓட்டுப் போட்டிருக்கேன்"னார். சொல்லிட்டு, எல்லாரும் சிரிக்கறதுக்காக, ஒரு நிமிஷம் காத்திருந்தார். நானாவது சிரிச்சிருக்கணும். வரல.